முதுகைக் காட்டி உட்காருங்கள்

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், "ஊர்ல சொந்தக்காரங்களைப் பாக்கவாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, காது பாக்க" என்றேன். சென்னையில் இறங்கும்வரை அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னது உண்மைதான். கிள்ளானில் ஒரு காதுக் கருவிக் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். காது மந்தமானவர்களை உட்கார வைத்துச் சோதிப்பது, கருவியை அவர்கள் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து மாட்டிவிடுவது, பிறகு அவர்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கெல்லாம் அந்தக் கருவிதான் காரணம் என்று திட்டு வாங்குவது, இதுதான் பிழைப்பு. வருடத்துக்கு ஒரு தடவை நானும், கடையில் என்னோடு வேலை செய்யும் காது நிபுணர் யீ லிங்கும், நல்ல மனசுக்காரர்கள் கொடுக்கிற கருவிகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, அதை வாங்க வழியில்லாத மக்கள் இருக்கிற ஊர் எதற்காவது கிளம்பிவிடுவோம். கம்போடியா போனோம், நேபாளம் போனோம். அங்கெல்லாம் நான் பெட்டி தூக்குகிற ஆள். பாஷை தெரியாதவளை வேறென்ன செய்வது?

இந்தத் தடவை புதுச்சேரி என்று முடிவானதும் ஒரே நாளில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. "எல்லாம் விமலா பேசிக்கொள்வாள்" என்றாள் யீ லிங். அவளுக்குத் தமிழில் 'சாப்பாடு', 'போதும்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் தெரியும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமைதான் வினையாகப் போனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறையில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாளின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவராம். அப்படிப்பட்ட வீட்டைத் தெருவில் 'சொல்தா வீடு' என்கிறார்கள். அந்த அம்மாள் கீரைக்காரியிடம்கூட 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித்தான் கட்டை வாங்கினார். கீரைக்காரியும் அதைச் சட்டை செய்யாமல் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அறையிலிருந்து கடல் தெரியாது, கேட்கும். புது ஊருக்குப் போனால் எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். நான் காதால் பார்ப்பேன், தொழில் வியாதி. படுத்தால் தலையணைக்கு அடியில் அலை. தூக்கத்தின் நடுவில் படகு மோட்டார் ஒன்று மெதுவாக என் காலடியைக் கடந்து போகிறது. மாதாகோயில் மணி எங்கோ தண்ணீருக்குள் அடிக்கிறது. முதல் நாள் முழுக்க நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று இப்போது கேட்டாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சுவர்கள் மஞ்சள், வெயில் மஞ்சள், கொடியில் காய்ந்த யாருடைய புடவையோ மஞ்சள். அதற்குள் நடந்து போனேன், அவ்வளவுதான் ஞாபகம்.

காலையில் எங்கள் ஆரஞ்சு நிற டீ சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். நெஞ்சில் பெரிய காது படம் போட்டிருக்கும். மீன் கூடையோடு எதிரே வந்த பெண் எங்களை நிறுத்தி, "என்னாம்மா, சிம்மு விக்கிறீங்களா?" என்றாள். இல்லை, இலவசமாகக் காதுக் கருவி கொடுக்க மலேசியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். "அட, எங்க வூட்டுக்காரருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நான் சொல்றதுதான் கேக்க மாட்டேங்குது. அதுக்கு எதுனா இருந்தா குடு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். யீ லிங்குக்கு மொழிபெயர்த்தேன். கிள்ளானிலும் இதே ஜோக்கைத் தினம் மூன்று தடவை கேட்பதாகச் சொன்னாள்.

முனைக் கடையில் இட்லியும் வடகறியும். சும்மா சொல்லக்கூடாது, அந்த வடகறிக்காக இன்னொரு தடவை விமானம் ஏறலாம். ஆனால் டீ விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்கள் ஊரில் ஒரு தே தாரிக் வாங்கினால் அரைமணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். இங்கே அந்தக் குட்டி கிளாஸில் இரண்டு மடக்கு, எழுந்திரு, அடுத்த ஆள் நிற்கிறான்.

எங்களுக்கு ஊரில் எல்லா ஏற்பாட்டையும் செய்தவள் ஜமீலா. சாரம் என்கிற பகுதியில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள், முப்பது வயதிருக்கும். தொண்டு வேலை என்றால் முன்னால் நிற்கிற பெண். அவள் பேச்சுக்கும் அவள் ஸ்கூட்டருக்கும் பிரேக் கிடையாது. "ஏறுங்கக்கா, போய்க்கிட்டே பேசலாம்" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டாம் நாள் சாரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் சோதனை ஆரம்பமானது. சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. வந்தவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிடுவோம். எங்கள் சோதனை மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் காதில் 'பீப்' என்று ஒரு சின்னச் சத்தம் போகும். கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எதுவரை விரல் எழுகிறது என்று குறித்துக்கொள்வோம்.

யீ லிங் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். சோதிப்பவரின் கையைப் பார்க்க முடியாதபடி அவர்கள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அதுதான் முறை. எனக்குச் சுருக்கென்றது. வந்திருப்பவர்கள் எல்லாம் அப்பா வயதுக்காரர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்கு வருவது போல வந்து நிற்கிறார்கள். அவர்களைப் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? "இது எங்கள் ஆட்கள் சமாச்சாரம். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினால்தான் மரியாதை, உனக்குத் தெரியாது" என்று யீ லிங்கிடம் கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டு, நாற்காலிகளை என் பக்கம் திருப்பினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கருவிகளைச் சரிசெய்கிற மேசைக்குப் போய்விட்டாள். மெஷின் என் மேசைக்குப் பின்னால், என் பக்கம் தாழ்வாக இருந்தது, விரல் தெரியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் மில்காரர்கள். மூடிப்போன துணி மில்லில் முப்பது வருடம், முப்பத்தைந்து வருடம் தறி ஓட்டியவர்கள். தறிச் சத்தம் காதைத் தின்றிருக்கும் என்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஆச்சரியம், ஒவ்வொருவரும் விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சிலருக்குச் சின்னக் குறை, குறைந்த அளவில் வைத்த கருவியே போதும் என்று எழுதினேன். இந்த ஊர்க் கடல் காற்றில் ஏதோ இருக்கிறது என்றுகூட யீ லிங்கிடம் சொன்னேன்.

அவர்களில் ஒருவர் சிகாமணி. நெட்டையான மனிதர், சட்டைப் பையில் சீப்பு. நான் பேசும்போது என் முகத்தை அப்படியே உள்வாங்கிக்கொண்டு கேட்டார். இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. நான் எவ்வளவு குறைத்தாலும் அவர் விரல் தவறாமல் எழுந்தது.

"ஐயா, உங்களுக்குக் கருவியே வேண்டாம். இது இருபது வயசுக் காது" என்றேன்.

"நெசமாவா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "நல்லாப் பாத்தீங்களாம்மா? எனக்கு என்னமோ காதுலதான் கோளாறுன்னு நெனப்பு."

"மெஷினே சொல்லுதுங்கய்யா."

"அப்போ சரி" என்றார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர் ஏன் அப்படித் தொய்ந்து போய் எழுந்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் கொண்டுவந்த கருவிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. காட்டி விளக்குவதற்காக யீ லிங் வைத்திருந்த ஒன்றுதான் பாக்கி. திரும்பி வரும்போது கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். எனக்குள் அந்தப் 'பீப்' சத்தம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அலை ஒன்று உடையும், ஒரு பீப். பலூன்காரன் கடந்து போவான், ஒரு பீப். நல்ல காரியம் செய்த களைப்பு இருக்கிறதே, அது தனிச் சுகம். அதில் அப்படியே மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, முகாமுக்கு விடுமுறை. ஜமீலா வீட்டில் விருந்து. பிரியாணியும் தால்ச்சாவும் வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவள் அம்மா எங்களை மூச்சு முட்ட வைத்துவிட்டார். யீ லிங் தன் இரண்டாவது தமிழ் வார்த்தையைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அவள் அங்கேயே பாயில் தூங்கிப்போனாள். எனக்கு ஊரைக் காட்டுவதாக ஜமீலா ஸ்கூட்டரை எடுத்தாள்.

மதியம் மூன்று மணி. உண்ட மயக்கத்தில் எனக்குத் தெருவெல்லாம் மெல்ல அசைந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. பின் சக்கரத்தில் ஆணி. "யா அல்லா, நேத்துதான்க்கா காத்து புடிச்சேன்" என்று ஜமீலா தலையில் கைவைத்தாள். நல்லவேளை, பஞ்சர் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வண்டியை அங்கே விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் நின்றோம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சாலைக்கு இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் சிகாமணி. அந்தப் பக்கம் ஒரு திண்டில் இன்னொரு பெரியவர், அவரும் நேற்று முகாமுக்கு வந்தவர்தான். நடுவில் பஸ், லாரி, ஆட்டோ என்று காது கிழிகிற ஹாரன். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர்கள் இரண்டு பேரும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒரு விரல் நெற்றியைத் தொடுகிறது, ஒரு கை காற்றில் எதையோ முடிச்சுப் போடுகிறது. ஒரு பஸ் குறுக்கே போகும், பேச்சு நிற்கும். பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தப் பக்கத்துக்காரர் எதையோ சொல்ல, சிகாமணி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் சத்தம் இருந்தது. நான் பிரியாணி மயக்கத்தில் கனவு காண்கிறேனோ என்று நினைத்தேன்.

"இவங்க என்ன பண்றாங்க ஜமீலா?"

"மில்லுக்காரங்க அப்படித்தான்க்கா பேசிப்பாங்க. தறி ஓடுனா பக்கத்துல நிக்கறவன் கத்துறதே கேக்காதாம். அதனால வாயப் பாத்தே புரிஞ்சிக்குவாங்க, கையப் பாத்தே புரிஞ்சிக்குவாங்க. எங்க அத்தா கடைக்கு வந்தா, நான் உள்ள முணுமுணுக்கறதக்கூட கண்ணாடியில பாத்துட்டு 'என்னா திட்டுற'ம்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராக டீக்கடைக்குப் போய், சிகாமணியின் முதுகுப் பக்கம் நின்று "ஐயா" என்றேன். திரும்பவில்லை. "ஐயா!" என்று கத்தினேன். டீ ஆற்றுகிறவர் திரும்பினார், தெரு நாய் திரும்பியது, இவர் திரும்பவில்லை. சுற்றி வந்து எதிரில் நின்றேன். முகம் மலர்ந்து, "வாங்க மலேசியாம்மா, குந்துங்க" என்றார்.

துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டேன்.

அவர் கண்கள் அந்தத் துணியின் மேல் அங்குமிங்கும் அலைந்தன. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "துணிய எடுங்கம்மா" என்றார்.

எடுத்தேன். "நேத்து காதுல 'பீப்'னு சத்தம் கேட்டுச்சா ஐயா?"

"சத்தமா? சத்தம் வரும்போதெல்லாம் உங்க தோள் இம்மாத்தூண்டு அசைஞ்சுதே. அதப் பாத்துத்தான் தூக்குனேன்." அவர் ஏமாற்றவில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட ஆளைப் போலத்தான் சொன்னார். "தறியில சத்தத்தையா கேக்க முடியும்? ஆளத்தான் பாக்கணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியானால் அத்தனை மில்காரர்களும் என் தோளைப் பார்த்துத்தான் விரலைத் தூக்கியிருக்கிறார்கள். நான் பார்த்துப் பார்த்துக் காட்டிய மரியாதையில் ஒருவர் காதும் உருப்படியாகச் சோதிக்கப்படவில்லை.

"சரி வாங்க, வூடு இங்கதான். எம்பொண்டாட்டியப் பாருங்க" என்றார் அவர். எழுந்து முன்னால் நடந்தார். ஜமீலாவும் நானும் பின்னால் போனோம். மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

சந்துக்குள் ஓட்டு வீடு. கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவர் மனைவி மங்கா. நாலு மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். கை கொஞ்சம் தேறிவிட்டது. வாய் மட்டும் வலது பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றுவிட்டது.

"பேசிக்கிட்டே இருந்தாத்தான் பேச்சு திரும்பும், வுட்டா போயிடும்னாரு டாக்டரு" என்றார் சிகாமணி. "மொதல்ல பேசிக்கிட்டுத்தான் இருந்தா. எனக்குத்தான் ஒரு எழுத்துகூடப் புரியல. இவ ஒண்ணு கேப்பா, நான் ஒண்ணு எடுத்தாந்து குடுப்பேன், அழுவா. நாப்பத்தோரு வருசம் இவ வாயப் பாத்தேதான் குடும்பம் நடத்துனேன். அந்த வாய் இப்ப வேற வாயா பூடுச்சி. சரி, நம்ம காதயாவது சரி பண்ணலாம்னுதான் முகாமுக்கு வந்தேன். நீங்க இருபது வயசுக் காதுன்னீங்க. மெஷினே சொல்லுதுன்னா நம்ம நெனப்புதான் தப்போன்னு நம்பிட்டேன். வந்து இவகிட்ட சொன்னேன், எங்காது நல்லாருக்குதாம், உம்பேச்சுதான் போயிடுச்சின்னு. நேத்து சாயங்காலத்துலேருந்து வாயே தொறக்கல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உதவி செய்ய வந்தவள், நாடு விட்டு நாடு வந்து, பேச முயன்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டேன். கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து, "அம்மா, தப்பு என் பேர்லதான். அவருக்குக் காது கேக்கலை. உங்க பேச்சு போகலை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மங்கா ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னார்: "கரண்டு போனா... பேசவே மாட்டாரு. இருட்டுன்னா பயம்னு... நெனச்சேன்."

வார்த்தைகள் வழுக்கினவே தவிர எனக்கு முழுக்கப் புரிந்தது. ஜமீலாவுக்கும் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிகாமணி மட்டும் அந்தக் கோணிய உதடுகளை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றா?"

என் உதட்டை நன்றாக அசைத்துத் திருப்பிச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "காது மந்தம்னு சொன்னா வேலய வுட்டுத் தூக்கிடுவானோன்னு ஒரு பயம். அப்புறம் அதுவே பழகிப்போச்சி. இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல." எங்களுக்கு டீ வாங்கி வருவதாகச் சொல்லி, வேண்டாம் என்றும் கேளாமல் தூக்குச்சட்டியோடு போனார். கேளாமல் என்று எழுதிவிட்டேன், நான் முதுகுக்குப் பின்னால்தான் வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஜனங்கள் நடுச் சாலையில் உலாவுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே யீ லிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தட்டும் என்றும் இருந்தது. அவள் கத்தவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, "மொத்தம் எத்தனை மில்காரர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினாலு பேர்."

"நாளைக்குப் பதினாலு பேரையும் கூப்பிடு. நாற்காலியை நான் போடுகிறேன்."

"மீதி இருக்கிற அந்த ஒரு கருவி..."

"அது சிகாமணிக்குத்தான்" என்றாள். இருட்டுகிற கடலுக்கு மேல் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. என்னைச் சுற்றி நூறு பேர் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தத்தையெல்லாம் யாரோ திருகிக் குறைத்துவிட்டது போல இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஜமீலா வீடு வீடாகப் போய்ப் பதினாலு பேரையும் கூட்டி வந்துவிட்டாள். ஒவ்வொருவருக்கும் எதிரில் நின்று, என் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, "முதுகைக் காட்டி உட்காருங்கள்" என்றேன். ஒருவரும் கோபப்படவில்லை. "இதுக்கா இம்மாம் பேச்சு? திரும்பிக் குந்துன்னா குந்திட்டுப் போறோம்" என்றார் ஒருவர். "பொண்ணு வூட்டுல கோவிச்சிக்கினவனுங்க மாதிரி இருக்குது" என்றார் இன்னொருவர். மண்டபமே சிரித்தது. நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த மரியாதையில் அவர்களுக்குப் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை.

பிறகு சோதனை. பொத்தானை அழுத்தினேன். விரல் எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு, அதன் மேல் மின்விசிறிக் காற்றில் அசைகிற காலர், மடியில் அசையாத ஒரு கை. ஜன்னலில் காக்கை கத்துகிறது, வெளியே ஐஸ்காரன் மணி அடிக்கிறான், அந்த முதுகு எதிலும் இல்லை. ஆள் மாற்றி ஆள் அப்படித்தான். வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான காலையை நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

கருவி வாங்கியவர்களுக்கு யீ லிங் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்தாள். சிகாமணியைப் போலவே கருவி வேண்டாம் என்று நான் அனுப்பிவிட்ட மற்றவர்களுக்குக் கருவி அனுப்புவதாக எழுதி வைத்துக்கொண்டோம். ஊருக்கு வந்த முதல் வாரமே அனுப்பியும் விட்டோம். மிச்சமிருந்த ஒன்றைச் சிகாமணியின் வலது காதில் மாட்டினாள்.

அவர் துள்ளி எழுந்தார். "என்னாம்மா இது, தறிய ஓட்டி வுட்டுட்டீங்களா?" என்று காதைப் பொத்தினார். மின்விசிறிச் சத்தம்தான். எத்தனையோ வருடமாகக் கேட்காத காது, இப்போது எல்லாமே அதற்கு இரைச்சல்தான், பழக நாள் ஆகும், பேச்சு புரியுமா என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எடுத்துச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களுக்கு வண்டி. அதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனோம். கருவி காதில் இல்லை, பிறை மாடத்தில் இருந்தது. "ராத்திரி முச்சூடும் இரைச்சல்மா. இவ என்னமோ சொன்னா, அதுவும் இரைச்சலாத்தான் இருந்துது. கழட்டி வெச்சிட்டேன்" என்றார். மங்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

யீ லிங் அசரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, மின்விசிறி மாதிரியான கனத்த சத்தங்களைக் குறைத்து, கருவியைச் சிகாமணி காதில் மறுபடி மாட்டினாள். நாற்காலியைத் தெருவாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, அவரைக் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னாள். கண்ணால் பார்த்தால் காது வேலை செய்யாது என்றாள். மங்காவை எழுப்பிச் சாய்த்து உட்கார வைத்தேன். நாங்கள் எப்போதும் சோதனைக்குச் சொல்லச் சொல்கிற வார்த்தைகள் எழுதிய தாளைக் காட்டினேன். மங்கா சொல்ல வேண்டும், சிகாமணி கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மழை" என்றார் மங்கா. வாசலைப் பார்த்திருந்த முதுகு அசையவில்லை.

"கதவு." அசையவில்லை. யீ லிங் எதையோ கூட்டினாள், எதையோ குறைத்தாள். "பழம்." இல்லை. வெளியே எங்கள் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சிகாமணி முகத்தைச் சுளித்தார், அது மட்டும் கேட்டிருக்கிறது. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன்.

மங்கா அந்தத் தாளை நல்ல கையால் தள்ளிவிட்டார். புருஷனுடைய முதுகைப் பார்த்தார். பிறகு எங்கள் பட்டியலில் இல்லாததைத் தன் போக்கில், குழறிக் குழறிச் சொன்னார்: "காலையிலேருந்து... ஒண்ணும் துன்னல நீ."

"பசிக்கல மங்கா" என்றார் சிகாமணி, தெருவைப் பார்த்தபடியே.

யீ லிங் என்னைப் பார்த்தாள். "சரியாகத் திருப்பிச் சொன்னாரா?"

"திருப்பிச் சொல்லவில்லை" என்றேன். "பதில் சொன்னார்."

மங்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம் அதை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நாலு மாதப் பேச்சு. பாதி வார்த்தைகள் எச்சிலில் நனைந்து வந்தன, சிலது எனக்கும் புரியவில்லை. சிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காதை அந்தப் பக்கம் சாய்த்து, "ம்" என்றார். "இல்ல, அது வேற." "ம், ம்." "இன்னொரு வாட்டி சொல்லு."

ஹாரன் மறுபடி அடித்தது. யீ லிங் மடிக்கணினியை மூடினாள். நான் அவர் எதிரில் போய்க் குனிந்து, "ஐயா, நாங்க கிளம்பறோம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமல் என் கையை மட்டும் பிடித்தார்.

"இருங்கம்மா" என்றார். "அவ இன்னும் முடிக்கல."